பொத்தான், ஜமிக்கி, பிரஸ் பட்டன்: உடை இணைப்புப் பொருட்களைத் தயாரிக்கும் முறைகள்

பொத்தான் தயாரிப்பைக் கற்க வருபவர்கள் வழக்கமாக மூலப்பொருளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பாலியஸ்டரா, சிப்பியா, உலோகமா, மரமா என்பதே அவர்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. துளையில் இருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வேன். சட்டையிலிருந்து அறுந்து விழுந்த பொத்தானைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொத்தான் பெரும்பாலும் முழுதாகவே இருக்கும், நூல்தான் துளையின் விளிம்பில் உரசி உரசி அறுந்திருக்கும். ஜமிக்கி உதிர்வதும், பிரஸ் பட்டன் துணியைக் கிழித்துக்கொண்டு வெளிவருவதும் இதே காரணத்தால்தான். இணைப்புப் பொருள் துணியையோ நூலையோ தொடும் இடத்தில் கூர்மையோ பிசிறோ இருந்தால், முகப்பு எவ்வளவு மின்னினாலும் அது கழிவுதான். கீழே விளக்கப்படும் ஒவ்வொரு முறையிலும் அந்தத் தொடும் இடம் எப்படி உருவாகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதற்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

அளவும் வரைபடமும்

பொத்தான் தொழிலில் விட்டத்தை 'லைன்' கணக்கில் சொல்வார்கள். 40 லைன் சேர்ந்தது ஓர் அங்குலம். எனவே ஒரு லைன் 0.635 மில்லிமீட்டர். சட்டையின் முன்பக்கத்துக்கு வழக்கமாக 18 லைன், அதாவது சுமார் 11.4 மி.மீ. பயன்படுகிறது. கழுத்துப்பட்டிக்கு 14 அல்லது 16 லைனும், கோட்டின் முன்பக்கத்துக்கு 32 லைனும், அதன் கை முனைக்கு 24 லைனும் பழக்கத்தில் உள்ளவை.

வரைபடத்தில் விட்டத்தையும் தடிமனையும் மட்டும் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குவது போதாது. துளையின் விட்டம், துளை மையங்களுக்கு இடையிலான தூரம், நடுக்குழியின் ஆழம், துளை விளிம்பின் வளைவு ஆகிய நான்கையும் எழுத்தில் குறிக்க வேண்டும். மையத் தூரம் பொத்தானுக்குப் பொத்தான் மாறினால், பொத்தான் தைக்கும் இயந்திரத்தின் ஊசி துளையில் இறங்காமல் பொத்தானின் மேல் மோதி உடையும். நடுக்குழி போதிய ஆழத்தில் இருந்தால் நூல் விளிம்பை விடத் தாழ்ந்து அமரும். துவைக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் உராய்வை விளிம்பு தாங்கிக்கொள்ளும், நூல் பிழைக்கும். துளை விளிம்பை இரு பக்கமும் மழுங்கடிக்க வேண்டும் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட்டால், பின்னால் மெருகேற்றும் கட்டத்தில் அதை யாரும் தவிர்க்க முடியாது.

பாலியஸ்டர் பொத்தான்: தகடு வார்க்கும் முறை

இன்று ஆயத்த ஆடைகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது பாலியஸ்டர் பொத்தான். துணி நெய்யும் பாலியஸ்டர் இழையும் இதுவும் ஒன்றல்ல. இது ஸ்டைரினில் கரைந்த நிறைவுறாப் பாலியஸ்டர் ரெசின். வினையூக்கி சேர்ந்ததும் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் பிணைந்து இறுகிவிடும். ஒருமுறை இறுகியபின் சூடாக்கினாலும் உருகாது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டையும் வெந்நீர்ச் சலவையையும் இது தாங்குவதற்கு அதுவே காரணம்.

முதலில் பாதுகாப்பைச் சொல்லிவிடுகிறேன். வினையூக்கியாக மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடும், முடுக்கியாகக் கோபால்ட் கரைசலும் பயன்படுகின்றன. இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ செய்யும். முடுக்கியை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே வினையூக்கியைச் சேர்க்க வேண்டும். முடுக்கி ஏற்கெனவே கலந்த ரெசினாகவே வாங்கிக்கொள்வது சிறு பட்டறைகளுக்கு இன்னும் நல்லது. அப்போது கோபால்ட் புட்டி பட்டறைக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கக்கூடியது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். ஸ்டைரின் ஆவிக்குக் காற்றை வெளியேற்றும் விசிறியும், கரிம ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் வேண்டும். சாதாரணத் துணிக் கவசம் ஆவியைத் தடுக்காது.

தகடு வார்ப்பதற்குப் பக்கவாட்டில் படுத்த நிலையில் சுழலும் உலோக உருளை பயன்படுகிறது. உருளையின் உட்சுவரில் மெழுகு பூசி, சுழலவிட்டு, கலந்த ரெசினை உள்ளே ஊற்றினால், சுழற்சி விசை அதைச் சுவரெங்கும் ஒரே தடிமனில் பரப்பும். தடிமனை நிர்ணயிப்பது ஊற்றும் எடைதான். ஓர் உதாரணம்: உருளையின் உள்விட்டம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ., வேண்டிய தகடு 4 மி.மீ. என்று கொள்வோம். உட்சுவரின் பரப்பு சுமார் 5,655 சதுர செ.மீ.; தகட்டின் கன அளவு சுமார் 2,262 கன செ.மீ.; இறுகிய ரெசினின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.2 கிராம். ஆகவே 2.7 கிலோ ஊற்ற வேண்டும். கணக்கை லிட்டரில் போடாமல் எடையில் போடுங்கள். ரெசின் இறுகும்போது கன அளவில் 6 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும், எடை மாறாது.

வினையூக்கியின் அளவு வழக்கமாக ரெசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். வெப்பமான நாளில் குறைவாகவும் குளிர்ந்த நாளில் சற்றுக் கூடுதலாகவும் சேர்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு புதிய பீப்பாய் ரெசினுக்கும் ஒரு சிறு கிண்ணத்தில் 100 கிராம் கலந்து, ஜெல் நிலைக்கு, அதாவது ரப்பர் போன்ற பதத்துக்கு, வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே உருளையில் ஊற்றுவது என்ற ஒழுங்கைக் கைவிடாதீர்கள்.

முத்து போன்ற பளபளப்புக்கு, டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காத் துகள்களைக் கலப்பார்கள். இவை தட்டையான மெல்லிய செதில்கள். உருளை சுழலும்போது ரெசின் சுவரோடு வழுக்கிப் பரவுவதால் செதில்கள் சுவருக்கு இணையாகப் படுத்துக்கொள்கின்றன. ஒளி ஒரே திசையில் திரும்பி வருகிறது, முத்தொளி பிறக்கிறது. உருளை இல்லாமல் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ரெசினை ஊற்றி அசையாமல் வைத்தால், செதில்கள் கண்டபடி நிற்கும். அதே நிறமி மங்கிய சாம்பல் நிறமாகவே தெரியும். ஆகவே கண்ணாடித் தகடுகளில் வார்ப்பவர்கள் முத்து நிறமியில் பணத்தை வீணாக்காமல், ஒரே நிறமோ இரு நிறக் கலவைக் கோலமோ செய்வதுதான் அறிவுடைமை. முகப்பு ஒரு நிறமும் அடிப்புறம் வேறு நிறமும் வேண்டுமானால், முதல் அடுக்கு ஜெல் ஆனவுடன், அது முழுதாக இறுகும் முன், இரண்டாம் அடுக்கை ஊற்ற வேண்டும். முழுதும் இறுகிய அடுக்கின் மேல் ஊற்றினால் கடையும்போது இரண்டும் பிரிந்துவிடும்.

இந்த முறை முழுவதிலும் கவனத்தை அதிகம் கேட்கும் இடம் ஜெல் நிலைதான். ஊற்றிய ரெசின் திரவத்திலிருந்து ரப்பர் போன்ற நிலைக்கு வந்து, பிறகு கடினமாகும். அந்த ரப்பர் நிலை சில நிமிடங்களே நீடிக்கும். அதற்குள் தகட்டை உருளையிலிருந்து உரித்து, அச்சு வெட்டியால் வட்ட வில்லைகளாக வெட்டி முடிக்க வேண்டும். தகட்டின் ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். நகத்தில் பசை ஒட்டினால் இன்னும் நேரமாகவில்லை. ஒட்டாமல் நகத்தின் தடம் விழுந்து, கைவிட்டதும் மெல்ல மறைந்தால் வெட்டத் தொடங்கலாம். தடமே விழவில்லை என்றால் நேரம் கடந்துவிட்டது. முன்கூட்டி வெட்டினால் வில்லைகள் நீள்வட்டமாக இழுபடும். பிந்தி வெட்டினால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஏற்பட்டு, அவை பிறகு துளையிடும்போது நடுவரை ஓடும். பட்டறையில் உடைந்துபோகும் பொத்தான்களுக்குத் துளையிடும் இயந்திரத்தைக் குறைசொல்வது வழக்கம்; காரணம் பலமுறை இங்கேதான் இருக்கும்.

வில்லைகளை எந்த ஒழுங்கில் வெட்டுவது என்பதும் முக்கியம். 18 லைன் பொத்தானுக்குக் கடைசலுக்கான மிகையையும் சேர்த்து 12.5 மி.மீ. வில்லை வெட்டி, மையத்திலிருந்து மையத்துக்கு 13.5 மி.மீ. விட்டால், மேலே சொன்ன தகட்டில் நேர்வரிசையில் சுமார் 3,100 வில்லைகள் கிடைக்கும். அடுத்த வரிசையைப் பாதி தள்ளி, தேன்கூட்டின் ஒழுங்கில் வெட்டினால் சுமார் 3,580 கிடைக்கும். அதே ரெசினில் ஏறத்தாழ 480 வில்லைகள் கூடுதல். ஓரங்களில் கொஞ்சம் இழந்தாலும் இந்த வேறுபாடு நிலைக்கும். இறுகிய பாலியஸ்டரை மறுபடி உருக்க முடியாது என்பதால் வெட்டுக்கழிவைக் குறைக்க இதைத் தவிர எளிய வழி இல்லை.

வெட்டிய வில்லைகளை வலைப்பையில் இட்டு, உப்பு கலந்த கொதிநீரில் கால் மணி நேரம் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் ஆற்றினால் பிணைப்பு நிறைவடைகிறது. அதன்பின் கடைசல். முதலில் அடிப்புறத்தையும், அடுத்து முகப்பையும் நடுக்குழியையும் கடைந்து, கடைசியாகத் துளையிட வேண்டும். தானியங்கி இயந்திரங்கள் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்கின்றன. கையால் இயக்கும் சிறு லேத்திலும் இதே வரிசை பொருந்தும்.

துளையிடும்போது பொத்தானின் அடியில் கடினமான மரத்தாலோ நைலானாலோ ஆன தாங்கு பலகை இருக்க வேண்டும். துளைப்பான் வெளியேறும் பக்கத்தில் தாங்கு இல்லாவிட்டால் அங்கே சில்லு தெறிக்கும். அந்தச் சில்லின் பள்ளம்தான் பிறகு நூலை அறுக்கும். துளையின் உட்சுவர் வெண்மையாகத் தெரிந்தால் துளைப்பான் மழுங்கிவிட்டது என்று பொருள். மாற்றிவிடுங்கள், தீட்டிப் பயன்படுத்துவதில் மிச்சமாகும் தொகை, வீணாகும் பொத்தான்களுக்கு ஈடாகாது.

அடுத்தது உருட்டி மெருகேற்றுதல். ஒரு பீப்பாயின் பாதியளவுக்குப் பொத்தான்களை இட்டு, தண்ணீரும் நுரைக்கல் தூளும் சேர்த்து மெதுவாகச் சுழலவிடுவார்கள். பொத்தானின் வடிவத்தைப் பொறுத்து 10 முதல் 24 மணி நேரம் வரை ஆகும். நுரைக்கல் குழம்பு துளைக்குள் நுழைந்து அதன் விளிம்பையும் மழுக்குகிறது என்பதே இதன் பெரும்பயன். இதற்காகவே தூளாக உள்ள தேய்ப்புப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளையின் அளவை ஒத்த கல் துண்டுகளைப் போட்டால் அவை துளையில் சிக்கிக்கொள்ளும்; பெரிய கற்களைப் போட்டால் முகப்பு வழவழப்பாகும், துளை விளிம்போ தொடப்படாமல் கூராகவே நிற்கும். பிறகு கழுவி, உலர்த்தி, மெழுகு பூசிய சிறு மரத்துண்டுகளோடு உலர்ந்த பீப்பாயில் சில மணி நேரம் உருட்டினால் இறுதி மினுமினுப்பு வரும்.

கொம்பு போன்ற வரிகள் வேண்டுமானால் தகட்டுக்குப் பதிலாகக் குழாய்களில் நீண்ட தண்டாக வார்த்து, இறுகும் முன்பே வில்லைகளாகச் சீவுவார்கள். தண்டின் நீளவாக்கில் ஓடும் நிறக்கோடுகள் ஒவ்வொரு வில்லையின் குறுக்குவெட்டிலும் கோலமாக வெளிப்படும். தண்டைச் சீவுவதில் வெட்டுக்கழிவும் குறைவு.

யூரியா ஃபார்மால்டிஹைடு பொத்தான் வேறு வகை. தூளை அளந்து ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள எஃகு அச்சில் இட்டு அழுத்தினால், ஒரு நிமிடம் அளவில் துளையுடன் கூடிய முழுப் பொத்தானே வெளிவரும். கடைசல் தேவையில்லை, அச்சு இணையும் கோட்டில் எழும் மெல்லிய பிசிறை உருட்டி நீக்கினால் போதும். சூட்டையும் கடுஞ்சலவையையும் தாங்குவதால் சீருடைகளுக்கு ஏற்றது. அச்சுக்கான செலவு பெரிது என்பதால், ஒரே வடிவத்தில் மிகப் பெரும் எண்ணிக்கை வேண்டுபவர்களுக்கே இது கட்டுப்படியாகும்.

சிப்பி, விதை, கொம்பு, மரம்

இயற்கைப் பொருட்களில் சிப்பிக்கு நிகரான ஒளி எதற்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஜான் போப்பிள் என்ற ஜெர்மானியக் கைவினைஞர் 1891-இல் அமெரிக்காவின் மஸ்கட்டீன் நகரில் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகளிலிருந்து பொத்தான் செய்யத் தொடங்கினார். அத்தொழில் வெகுவேகமாக வளர்ந்து, ஆற்றின் சிப்பிப் படுகைகளைச் சில பத்தாண்டுகளில் வறளச் செய்துவிட்டது. சிப்பி வாங்குபவர்கள் அது முறையாகச் சேகரிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

உலர்ந்த சிப்பி எளிதில் நொறுங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் பல நாட்கள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். குழல் வடிவ ரம்பத்தால், இடைவிடாமல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வில்லைகளை வெட்ட வேண்டும். தண்ணீர் வெப்பத்தைத் தணிக்கும்; அதைவிட முக்கியமாக, நுரையீரலைக் கெடுக்கும் சிப்பித் தூசியைக் காற்றில் எழாமல் அடக்கும். வெட்டிய வில்லைகளைத் தடிமன் வாரியாகப் பிரித்து, அடிப்புறத்தின் கரடான தோலைத் தேய்த்து நீக்கி, கடைந்து, துளையிட்டு, நுரைக்கல் தூளோடு உருட்ட வேண்டும். சிப்பியின் அடுக்குகள் தாள் தாளாகப் படிந்தவை என்பதால் துளைப்பானை மெல்ல இறக்கி ஏற்றி, இரு பக்கத்திலிருந்தும் துளையிடுவதே பாதுகாப்பு. ட்ரோக்கஸ் என்னும் கூம்பு வடிவக் கடற்சிப்பியில் செய்த பொத்தானின் அடிப்புறத்தில் செம்பழுப்புக் கீற்றுகள் எஞ்சியிருக்கும். அதைக் குறை என்று தேய்த்து நீக்க முயன்றால் பொத்தான் மெலிந்து பலமிழக்கும், விட்டுவிடுங்கள்.

'கொரோசோ' என்பது தென் அமெரிக்காவின் தாகுவா பனை விதையிலிருந்து செய்யப்படுவது. ஈக்வடார் இதன் முக்கிய விளைநிலம். விதையைப் பல வாரங்கள் உலர்த்தினால் தந்தம் போல் இறுகும்; பிறகு சீவி, கடைந்து, சாயமேற்றலாம். சாயம் மேற்பரப்பில் மட்டுமே ஊறும் என்பதால் கடைசலும் துளையிடலும் முடிந்த பின்னரே சாயத் தொட்டியில் இட வேண்டும். முன்பே சாயமிட்டால் துளையின் உட்சுவர் வெளிறித் தெரியும்.

எருமைக் கொம்பைச் சூட்டில் இளக்கி, சூடான தகடுகளுக்கு இடையே அழுத்தித் தட்டையாக்கிய பிறகு வெட்டலாம். சிரட்டை வளைந்த பொருள். அதிலிருந்து பெரிய தட்டைப் பொத்தானை எதிர்பார்க்க முடியாது. சிறு வில்லைகளாக எடுத்து இரு பக்கமும் தேய்த்து எண்ணெய் பூசினாலே அழகாக இருக்கும். மரப் பொத்தானில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இரண்டு துளைகளும் மரத்தின் இழையோட்டத்துக்குக் குறுக்காக அமைய வேண்டும். இரண்டும் ஒரே இழையின் நேர்கோட்டில் விழுந்தால், நூல் இறுகும்போது அந்தக் கோட்டிலேயே பொத்தான் இரண்டாகப் பிளந்துவிடும்.

உலோகப் பொத்தானும் பிரஸ் பட்டனும்

ஜீன்ஸ் பொத்தான் பித்தளை அல்லது எஃகுத் தகட்டிலிருந்து அச்சழுத்தத்தால் உருவாகிறது. தகட்டிலிருந்து வட்டத்தை வெட்டுதல், கிண்ணமாக இழுத்தல், சின்னத்தைப் பதித்தல், விளிம்பை அடித்தட்டின் மேல் மடித்து இறுக்குதல் என்பது வரிசை. ஆழமாக இழுக்க 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட பித்தளை மிகப் பொருத்தமானது. புடைப்பான சிற்ப வடிவங்கள் வேண்டுமானால், சுமார் 4 விழுக்காடு அலுமினியம் கலந்த துத்தநாகக் கலவையை உருக்கி எஃகு அச்சில் அழுத்தி வார்ப்பார்கள். துத்தநாகத்தை அமிலக் கரைசல் அரிக்கும் என்பதால், நிக்கல் முலாமுக்கு முன் காரத்தன்மையுள்ள கரைசலில் செம்பு அடுக்கு ஒன்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்த அடிப்படைச் செம்பைச் சிக்கனப்படுத்திய பொத்தான்தான் சில துவைப்புகளிலேயே கொப்புளமிட்டு உரிவது.

பிரஸ் பட்டனில் நான்கு உறுப்புகள்: மேல் மூடி, குழிவான பெண் பகுதி, குமிழுள்ள ஆண் பகுதி, அதைத் துணியோடு பிணைக்கும் அடித்தண்டு. துணியின் இரு பக்கத்திலிருந்தும் உறுப்புகளைச் சேர்த்து அழுத்தும்போது தண்டின் வாய் மலர்ந்து மடிந்து இறுகுகிறது. இதில் வெற்றியும் தோல்வியும் தண்டின் நீளத்தில்தான் இருக்கிறது. துணியின் எல்லா அடுக்குகளையும் சேர்த்து, அழுத்திய நிலையில் தடிமனை அளந்து, அதற்கேற்ற தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டு குட்டையானால் மலர்வதற்கு உலோகம் போதாது. சில நாட்களில் கழன்றுவிடும். நெடிதானால் மலராமல் ஒரு பக்கம் சாய்ந்து மடங்கும், மடங்கிய முனை துணியை அறுக்கும். பொருத்திய பின் மூடியை விரல்களால் பிடித்துத் திருகிப் பாருங்கள். எளிதாகச் சுழன்றால் பிடிப்பு போதவில்லை. இழுபடும் பின்னலாடைக்குத் தண்டு வகை ஏற்றதல்ல; துணியில் பெரிய துளையிடாமல் பல சிறு பற்களால் கவ்வும் வளைய வகையே வேண்டும், அதன் அடியில் நெய்த துணிப் பட்டையும் கொடுக்க வேண்டும்.

ஜமிக்கி

எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில் கிடைத்த ஆடைகளில் பொன் தகட்டு வட்டுகள் தைக்கப்பட்டிருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெலட்டின் ஜமிக்கிகள் வந்தன. அவை இலேசானவை, ஆனால் நீரிலும் சூட்டிலும் கரைந்துவிடும். இன்று பெரும்பாலும் பாலியஸ்டர் படலமும் ஓரளவு பி.வி.சி. படலமும் பயன்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் பாலியஸ்டர் படலத்தையே தேர்ந்தெடுக்கலாம். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் சில தாலேட்டுகளுக்குக் குழந்தைகளுக்கான பொருட்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 0.1 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. தவிர, உலர் சலவைத் திரவம் அந்த மென்மையாக்கியைக் கரைத்து எடுத்துவிடும்.

மினுமினுப்பு அலுமினியத்தால் வருகிறது. வெற்றிடக் கலத்தில் அலுமினியத்தை ஆவியாக்கினால், படலத்தின் மேல் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அடுக்காகப் படியும். அதன்மேல் வண்ண அரக்கு பூச வேண்டும். இப்பூச்சு நிறத்துக்கு மட்டுமல்ல. வியர்வையும் காரமான சோப்பும் வெறும் அலுமினியத்தை அரித்து மங்கச் செய்யும் என்பதால் அது காப்பாகவும் அமைகிறது. படலம் வந்திறங்கியதும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் சுருளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெட்டிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

படலத்தை நாடாவாகக் கிழித்து, படிப்படியான அச்சில் செலுத்துவார்கள். முதல் நிலையில் நடுத்துளை, இரண்டாம் நிலையில் வெளிவட்டம். இந்த வரிசையை மாற்ற முடியாது; வெளிவட்டத்தை முதலில் வெட்டிவிட்டால், சில மில்லிமீட்டர் வட்டைப் பிடித்து நடுவில் துளையிட வழியில்லை. ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் இடையிலான இடைவெளி படலத்தின் தடிமனில் சில விழுக்காடு மட்டுமே இருக்கலாம். 0.1 மி.மீ. படலத்துக்கு 5 விழுக்காடு என்று கொண்டால் அது வெறும் 5 மைக்ரான். அச்சு தேய்ந்து இந்த இடைவெளி அகன்றால், படலம் வெட்டுப்படாமல் இழுபட்டு, துளையின் ஓரத்தில் முடி போன்ற பிசிறு தொங்கும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். துளையிலிருந்து வெட்டுப்பட்ட நுண் வட்டு ஆண் அச்சின் முனையில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து, அடுத்த துளையை அடைப்பதும் உண்டு. அச்சின் முனையை முழுத் தட்டையாக விடாமல் சற்றே சரிவாகத் தீட்டினால் இது குறையும்.

குழிந்த, பட்டை தீட்டிய ஜமிக்கிக்குப் படலத்தைச் சூடாக்கி அச்சில் அழுத்த வேண்டும். பொத்தான் ரெசினைப் போலன்றி, பாலியஸ்டர் படலம் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். அந்தச் சூட்டுக்கு மேல் வடிவம் கொடுத்து, அச்சில் இருக்கும்போதே ஆறவிட்டு எடுக்க வேண்டும். சூடாக எடுத்தால் பட்டைகள் மழுங்கிவிடும். ஆடை அதே சூட்டை மறுபடி சந்தித்தால் பட்டைகள் தட்டையாகிவிடும் என்பதையும் இதிலிருந்தே உணரலாம். எனவே 30 டிகிரிக் குளிர்ந்த சலவை, இஸ்திரி கூடாது, உலர்த்தும் இயந்திரம் கூடாது என்ற குறிப்பு இவ்வகை ஆடையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எம்பிராய்டரி இயந்திரத்துக்கான ஜமிக்கி, தனித்தனியாக உதிராமல், ஒன்றோடொன்று சிறு கழுத்தால் ஒட்டிய நாடாச் சுருளாகச் செல்லும். இயந்திரம் ஒவ்வொன்றையும் கழுத்தில் வெட்டிவிட்டுத் தைக்கிறது. வெட்டிய இடத்தில் சிறு கூர்முனை எஞ்சும். அந்த முனை அடுத்த ஜமிக்கியின் அடியில் மறையும்படி வடிவமைப்பின் திசையை வைத்தால் தோலை உரசாது. அக்குள், கழுத்து போன்ற இடங்களில் இதைக் கவனிக்காமல் விடுவது அணிபவருக்குச் செய்யும் கொடுமை.

ஜிப், வெல்க்ரோ

இவை சிறு பட்டறையில் செய்யத் தக்கவை அல்ல; வாங்கிப் பொருத்துபவர் முறையை அறிந்திருந்தால் போதும். உலோக ஜிப்பின் பற்களை வடிவக் கம்பியிலிருந்து வெட்டி நாடாவில் கவ்வவிடுகிறார்கள். சுருள் ஜிப்பில் ஒற்றை இழை நைலானையோ பாலியஸ்டரையோ சுருளாகச் சுற்றி, சூட்டில் வடிவத்தை நிலைப்படுத்தி, நாடாவோடு தைக்கிறார்கள். கிடியான் சுண்ட்பேக் என்ற பொறியாளர் 1917-இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைய ஜிப்பின் அடிப்படை. நாடா துவைக்கும்போது சுருங்கினால் ஆடையில் அலை விழும். தைக்கும் முன் ஒரு முழத்தைத் துவைத்து அளந்து பார்த்துவிட வேண்டும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் தடித்த நைலான் இழையை வளையங்களாக நெய்து, சூட்டில் விறைப்பாக்கி, ஒவ்வொரு வளையத்தையும் ஒரு பக்கத்தில் வெட்டிச் செய்யப்படுகிறது.

சோதனை

பொத்தான், ஜமிக்கி எதுவாயினும் முதலில் துளையைச் சோதியுங்கள். சிறிதளவு பஞ்சைத் துளை விளிம்பில் உரசினால், பிசிறு இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். பிறகு, பொத்தானைப் பிடித்துக்கொண்டு தையல் நூலைத் துளையில் கோத்து, இழுத்த நிலையில் முன்னும் பின்னுமாக 50 முறை அறுப்பதுபோல் இழுங்கள். நூலில் பஞ்சு எழும்பினாலே அந்தத் தொகுதி மீண்டும் பீப்பாய்க்குப் போக வேண்டும்.

குழந்தைகளின் உடைக்குச் செல்பவற்றில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். கழன்ற பொத்தானைக் குழந்தை விழுங்கிவிடும் என்பதால், அமெரிக்க விதிகள் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கும் உறுப்புகளைச் சிறு உறுப்புகளாகக் கருதுகின்றன. ஏறத்தாழ எல்லாச் சட்டைப் பொத்தான்களும் அதில் அடங்கிவிடும். ஆகவே தைத்த நிலையில் இழுவைச் சோதனை செய்யாமல் அனுப்பவே கூடாது. பல ஆடை நிறுவனங்கள் 70 அல்லது 90 நியூட்டன் இழுவையைக் கேட்கின்றன. 90 நியூட்டன் என்பது சுமார் 9 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பொருட்களின் மேற்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கையும், அடிப்பொருளில் 100 பங்கையும் தாண்டக் கூடாது. தோலை நெடுநேரம் தொடும் உலோக உறுப்புகளிலிருந்து வெளியேறும் நிக்கல், ஐரோப்பிய விதிப்படி வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இவற்றை வீட்டில் அளக்க இயலாது. முலாம் பூசுபவரிடம் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுச் சான்று கேட்டுப் பெற வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்து பொத்தான்களைத் துணியில் தைத்து, அந்த ஆடைக்கு உரிய சூட்டில் பத்து முறை துவைத்து, அதன் பிறகு மறுபடி இழுத்துப் பாருங்கள். தைத்த துணித் துண்டோடு ரெசினின் தொகுதி எண், வினையூக்கியின் அளவு, ஜெல் ஆன நேரம், பீப்பாயில் உருண்ட மணிநேரம் ஆகியவற்றை எழுதிய அட்டையையும் சேர்த்து, அந்தத் தொகுதி விற்றுத் தீர்ந்த பிறகும் குறைந்தது ஓராண்டு பாதுகாத்து வையுங்கள். எங்காவது ஒரு பொத்தான் கழன்றது என்று புகார் வந்தால், தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை அந்த அட்டையைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும்.